செங்காரி வராத பட்டி

அத்தியாயம் பதினொன்று

மாட்டுப் பட்டியின் வாசலில், கடப்படியில், மூன்று கல்லையும் அடுக்கியாயிற்று. பானைக்கு மஞ்சள் இலையும் கட்டியாயிற்று. மாடுதான் இல்லை.

பட்டிப் பொங்கலும் அதுவுமாக, சின்னராசா அடுப்பை மூட்டாமல் காட்டுக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இடது காலில் நேற்றுக் காட்டுக்குள் ஏறிய முள்ளுக்கு மஞ்சள் அரைத்து அப்பியிருந்தது.

“அப்பா, நேரம் போகுது. நாலு மாடு நிக்குதுதானே. அதுகளுக்கெண்டாலும் பொங்குங்கோ” என்றாள் யதுர்ஷிகா.

“முன்னுக்கு வாறவள் வராமல் ஆருக்குப் பொங்கிறது?”

இரண்டு நாளாக இந்த நிற்புத்தான். புதன்கிழமை மேய்ச்சலுக்குப் போன முப்பத்தொரு உருப்படியில் கன்று போட்ட நாலு மட்டும் மடி கனத்துத் தங்கள் பாட்டில் வந்து சேர்ந்தன. மற்றதுகள் வரவில்லை. நேற்றுத் தைப்பொங்கலன்றும் வரவில்லை.

செங்காரி இல்லை என்றால் அதுகள் எப்படி வரும்?

கார்த்திகையில் வயல் விதைத்துவிட்டால் ஊர் மாடு முழுவதும் காட்டுக்கரைக்குப் போய்விட வேண்டும். ஒட்டுசுட்டான் பக்கத்தில் அதுதான் வழக்கம். விடியத் திறந்துவிட்டால் செங்காரி முன்னால் நடப்பாள். குளக்கட்டு முடிகிற வால்கட்டைச் சுற்றி, யானை நிற்கிற பக்கத்தை விலக்கி, மற்றதுகளை மேய்த்துக்கொண்டு போவாள். பின்னேரம் ஐந்து மணிக்கு அதே பாதையால் கூட்டிக்கொண்டு வருவாள். கருஞ்சிவப்பு நிறம், இடுப்பில் ‘சி’ என்று சூட்டுக்குறி, கழுத்தில் ஒரு பழைய மணி. மணியின் நாக்கு விழுந்துபோனதால் சின்னராசா உழவு இயந்திரத்துப் போல்ட் ஒன்றைக் கட்டியிருந்தார். கோயில் மணி மாதிரிக் கணீரென்று கேட்காது. டொண்… டொண்… என்று தொண்டை கட்டினவர் கதைக்கிற மாதிரி இருக்கும்.

அவள் கடப்பைத் தாண்டி உள்ளே வரும்போது சின்னராசா “ஒண்டு” என்று எண்ணத் தொடங்குவார். பதினொரு வருசமாக அவருடைய ‘ஒண்டு’ செங்காரிதான்.

“ஆனை அடிச்சிருந்தால் காகம் காட்டிக் குடுத்திருக்கும்” என்றார். “இது களவு.”

“ஆர் களவெடுத்தது?”

“ஆரெண்டு நான் வாயால சொல்லோணுமோ? மாடு ஆருக்கு வேணும்?”

அவர் கண் கிழக்கே போனது. கிழக்கே சரீப்பின் வீடு. மாடு தொலைந்தால் அந்த ஊரில் கைவசம் ஒரு விடை எப்போதும் இருக்கிறது. யோசிக்கத் தேவையில்லாத விடை. அதனால்தான் எல்லாருக்கும் அது பிடிக்கும்.

“நல்ல நாளும் அதுவுமா ஒருத்தற்றை வாசலில போய் நிண்டு சண்டை பிடிக்காதேங்கோ” என்று குசினிக்குள் இருந்து மனைவி விமலேஸ்வரி கத்தினாள்.

“வயல் விளைஞ்சு நிக்குது, விமலா. நேற்று வாய்க்கால் கரையில எங்கட மாட்டுத் தடம் கண்டனான். காட்டுப் பண்டிக்கெண்டு ஆக்கள் கரண்ட் கம்பி இழுத்து விட்டிருக்கிறாங்கள். இண்டைக்குப் பொழுதுபட முதல் வராட்டி பட்டி இல்லை. விளங்குதோ?”



கிணற்றடியில் நிஷாந்தன் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றான். யதுர்ஷிகாவின் தம்பி. அரை மணித்தியாலமாகத் தீட்டுகிறான். பல்லுத் தேய்ந்துவிடும் என்று நக்கலடிக்க அவளுக்கு வாய் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

அவளுடைய கைப்பைக்குள் நாலு பக்கப் பேச்சு ஒன்று இருந்தது. இன்று பத்து மணிக்குப் பிள்ளையார் கோயிலில் கோபூசை. “எங்கட வீடுகளிலயே முதல் பட்டதாரி, விவசாயம் படிச்ச பிள்ளை, அவள் பேசட்டும்” என்று கோயில் பசுப் பாதுகாப்புக் குழு கேட்டிருந்தது. தலைப்பும் அவர்களே தந்தார்கள்: இந்து சமூகமும் பசுப் பாதுகாப்பும்.

அப்பாவைத் தனியே விட மனம் வராமல் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே திருப்பினாள்.

*

சரீப்பின் கொட்டிலும் வெறுமையாகத்தான் கிடந்தது. அவர் மரக்குற்றியில் இருந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று வருசம் புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பி வந்த மனிசன். வந்ததும் வீடு கட்ட முதல் வாங்கினது இரண்டு நாட்டுப் பசுக்கன்று. இப்போது ஒன்பது உருப்படி.

“வாங்க அண்ணன், இருங்க.”

“இருக்க வரேல்லை. என்ரை செங்காரி எங்க?”

சரீப்பின் கை நின்றது. “என்ட ஒம்பதும் எங்கயெண்டு நான் உங்களிட்ட கேக்க வெளிக்கிட்டனான்.”

“கதையை மாத்தாதை. ஊரில ஒரு மாடு காணாமல் போனால்…”

“சொல்லி முடிங்க அண்ணன்.”

முடிக்காத சொல் மூன்று பேருக்கும் நடுவில் கிடந்தது. யதுர்ஷிகா நிலத்தைப் பார்த்தாள்.

உள்ளே இருந்து சரீப்பின் மனைவி ஜொஹறா, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

“ஜொஹறா, உள்ள போ.”

“போகமாட்டன். ரெண்டு நாளா நீங்களும் சோறு தின்னேல்ல, நானும் தின்னேல்ல.” அவள் சின்னராசாவின் பக்கம் திரும்பினாள். “புதன்கிழமை ஒம்பது மணி போல உங்கட கோயில் பாலன் லொறியோட எங்கட வாசல் படலையில வந்து நிண்டவர். ‘ஒரு மாடு நிக்குது, பகலைக்கு உங்கட கொட்டிலுக்க நிக்கட்டும், பொழுதுபட எடுக்கிறன்’ எண்டார். இவர் எட்டிப் பாத்தார். குறியைக் கண்டார். ‘இது சின்னராசா அண்ணன்ட மாடு, என்ட படலைக்குள்ள வரப்படாது’ எண்டு திருப்பி அனுப்பினார்.”

பாலன் என்றால் பசுப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர். யதுர்ஷிகாவை மேடைக்கு அழைத்ததே அவர்தான்.

“பாலனோ?” சின்னராசாவின் குரல் இறங்கியது. “நீ ஏன் அண்டைக்கே வந்து சொல்லேல்லை?”

“வந்து என்னெண்டு சொல்ல? கோயில் ஆள் மாடு கொண்டுவந்தார், நான் வேண்டாமெண்டனான் எண்டா? ஆர் நம்புற? தெரிஞ்ச மனிசன் நீங்களே விடிய வந்து என்ட படலையில நிக்கிறீங்க.”

சின்னராசா பக்கத்தில் கிடந்த கதிரையைத் தொட்டார். இருக்கவில்லை.

“சொல்லாம விட்டது என்ட பிழைதான் அண்ணன்” என்றார் சரீப். “ஒரு மாடுதானே, எனக்கேன் வில்லங்கம் எண்டு இருந்திட்டன். பின்னேரம் என்ட ஒம்பதும் வரேல்ல. அதுகளும் அவளுக்குப் பின்னாலதான் இவ்வளவு நாளும் வந்து போயிருக்குது. எனக்கே தெரியாது.”

“லொறியில ஆர் கயிறு பிடிச்சுக்கொண்டு நிண்டதெண்டும் கேளுங்க” என்றாள் ஜொஹறா.

“அதை விடு” என்றார் சரீப் உடனே.

யதுர்ஷிகாவுக்குக் கிணற்றடியில் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்ற முதுகு ஞாபகம் வந்தது.

*

கோயில் ஒலிபெருக்கி அரைக் கட்டைத் தூரத்திலேயே கேட்டது. பந்தல் நிறைய ஆட்கள். நடுவில் கோயிலின் ஜேர்சிப் பசு, மாலையும் பட்டுத் துண்டுமாக நின்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. அபிசேகத்துக்குப் பால் காணாது, நாட்டு மாடு கட்டுப்படியாகாது என்று மூன்று வருசத்துக்கு முன் வாங்கினது. வெயில் ஏறினால் அதற்கு மின்விசிறி வேண்டும். மழை பெய்தால் மருந்து வேண்டும். பக்கத்தில் நின்று பாலன் மைக்கில் முழங்கினார்.

“பசு எங்களுக்குத் தாய்! தாயைக் கொல்லுறவனை இந்த மண் மன்னிக்குமோ?”

பசு தலையை ஆட்டியது.

டொண்.

யதுர்ஷிகா ஸ்கூட்டியை நிறுத்தக்கூட இல்லை. அப்படியே காலை ஊன்றிச் சாயவிட்டாள். பின்னால் இருந்த அப்பாவின் கை அவளுடைய தோளை இறுக்கிப் பிடித்தது. அவருக்கும் கேட்டுவிட்டது. உலகத்தில் வேறெந்த மணிக்குள்ளும் உழவு இயந்திரத்துப் போல்ட் இல்லை.

பாலன் மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு.

“வா யது, உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்.”

“இந்த மணி எங்கால, பாலன் அண்ணை?”

“அது… ஒராள் உபயமாத் தந்தது.”

“எந்த ஆள்?”

பாலன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார். அவள் திரும்பினாள். பந்தல் காலடியில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிஷாந்தன்.

“நீயோ கழட்டிக் குடுத்தது?”

“வால்கட்டில பிடிச்சு ஏத்தேக்க, லொறியில சத்தம் கேட்டா பொலிஸ் மறிக்குமெண்டு பாலன் அண்ணை சொன்னவர்” என்றான். தலை நிமிரவில்லை. “கிழட்டு மாடு அக்கா. ரெண்டு வருசமாச் சொட்டுப் பாலில்லை. மாசியில அரசாங்கத் திட்டத்தில ஜேர்சி ஒண்டு வருது, அதுக்கு இடம் வேணும். நீதானே சொன்னனீ.”

“நான் என்னடா சொன்னனான்?”

“ஆவணியில. குசினிக்க புட்டுச் சாப்பிடேக்க. ‘பால் தராத மாட்டைக் கழிக்கோணும், உலகம் முழுக்க அப்பிடித்தான் செய்யிறாங்கள், உதெல்லாம் அப்பாவுக்கு விளங்காது’ எண்டு.”

சொன்னாள்தான். புட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. அப்பா எதிரே இருந்து பேசாமல் சாப்பிட்டார். தான் கெட்டிக்காரி என்று அன்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அவள் படித்த பாடம் பிழையில்லை. அது கொட்டிலில் கட்டிவைத்துத் தீனி போடுகிற மாட்டுக்கு எழுதிய பாடம். தானே காட்டுக்குப் போய், குழையையும் வைக்கோலையும் தின்று, மழையில் நனைந்து, தானே வீடு திரும்புகிற பட்டிக்கு எழுதியதல்ல. பால் எத்தனை போத்தல் என்று கேட்கப் படித்தவள், முன்னால் நடக்கிறது எது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை வீட்டிலேயே இருந்தது.

“செங்காரி இப்ப எங்க?” என்று பாலனைக் கேட்டாள்.

“வவுனியாவில கைமாத்தியாச்சு பிள்ளை. நான் தரகு மட்டும்தான். அதுக்குப் பிறகு என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியாது.”

“தெரியாதோ?”

“தெரியாது.” திருநீற்றை ஒருதரம் தடவிக்கொண்டார்.

“வாங்கின ஆளின்ரை நம்பரைத் தாங்கோ” என்றான் நிஷாந்தன் திடீரென்று. “தாங்கோ அண்ணை. நான் போய்ப் பாக்கிறன்.”

நம்பரை வாங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான்.

ஒன்றும் தெரியாத அறிவிப்பாளர் மைக்கில், “அடுத்து எங்கள் ஊரின் செல்வப் புதல்வி” என்று தொடங்கியிருந்தார்.

அவள் மைக்குக்குப் போனாள். நாலு பக்கத்தையும் எடுத்தாள். வாசிக்கவில்லை.

“நான் எழுதிக்கொண்டு வந்த பேச்சில இறைச்சிக் கடையைப் பற்றி ரெண்டு பக்கம் இருக்கு. லொறியைப் பற்றி ஒரு பக்கம் இருக்கு. லொறிக்கு மாடு எங்கயிருந்து வருதெண்டு ஒரு வரியும் இல்லை. எங்கட வீட்டில இருந்துதான் வருது. எங்கட செங்காரியை நாங்கள்தான் ஏத்தி விட்டனாங்கள். கயிறு பிடிச்சது தம்பி. சொல்லிக் குடுத்தது நான்.”

அவள் நாலு தாளையும் மடித்தாள்.

“வருசத்துக்கு ஒருநாள் குங்குமம் வைக்கிறம். பால் நிண்டால் தரகருக்குச் சொல்லி அனுப்புறம். பிறகு மற்றவனைப் பாத்துக் கொலைகாரன் எண்டுறம். பால் நிண்ட மாட்டை வித்தவை கை உயர்த்துங்கோ. முதல் கை என்ரை.”

உயர்த்தினாள். வேறு ஒரு கையும் எழும்பவில்லை. பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்கள். ஒரு பொடியன் சிரித்தான். பாலன் அறிவிப்பாளருக்குக் கையைக் காட்டி ‘நிறுத்து’ என்றார்.

அப்போது பந்தலின் கடைசியில் ஒரு கை எழும்பியது. அப்பாவின் கை.

“நீங்கள் ஏன் அப்பா?” மைக்கில் கேட்டுவிட்டது.

சின்னராசாவுக்கு மைக் தேவைப்படவில்லை. அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

“செங்காரியின்ரை தாயை நான் வித்தனான். ரெண்டாயிரத்துப் பதினைஞ்சில. காட்டுக்கை செத்துப்போச்செண்டு வீட்டில பொய் சொன்னனான்.”

யதுர்ஷிகாவின் உயர்த்திய கை கீழே இறங்கியது. அந்தத் தாய் மாட்டின் கதையைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். கடைசிச் சண்டையில் ஊரை விட்டு ஓடும்போது அப்பா எல்லாக் கயிற்றையும் அறுத்து விட்டார். முகாமிலிருந்து திரும்பி வந்து தரப்பாள் கூடாரம் கட்டின மூன்றாம் நாள், இடுப்பில் ‘சி’ குறியோடு ஒரேயொரு மாடு காட்டுக்குள்ளிருந்து வந்து வேலியடியில் நின்றது. அம்மா அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். இன்றைக்கு இருக்கிற பட்டி முழுவதும் அந்த ஒரு வயிற்றில் வந்ததுதான்.

அதையா விற்றார்?

கோயில் ஐயர் பூசைத் தட்டைக் கீழே வைத்தார். ஜேர்சியின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்துக் கொண்டுவந்து அவளுடைய கையில் தந்தார்.

*

பின்னேரம் நாலரைக்குக் குளத்து வால்கட்டில் மூன்று பேர் நின்றார்கள். சின்னராசா தடியை ஊன்றிக்கொண்டு. சரீப் கயிற்றோடு. யதுர்ஷிகா மணியோடு.

அவள் மணியைக் கையில் தூக்கி ஆட்டினாள்.

“உது சரிவராது” என்றார் சின்னராசா. “கையில ஆட்டினால் அதுகளுக்குத் தெரியும். நடக்கிற மாட்டின்ரை கழுத்தில ஆடுற மாதிரி இருக்கோணும்.”

அவள் தோல்வாரைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிடரியில் செங்காரியின் வியர்வை மணத்தது. காட்டுக்கரையோடு நடந்தாள். டொண் டொண் டொண்.

“சிரிக்காதேங்கோ சரீப் நானா.”

“சிரிக்கேல்ல பிள்ளை. விரசா நடக்கிறாய். அவள் அப்பிடி நடக்கமாட்டாள். ஒரு வாய் மேய்ஞ்சு நாலு எட்டு வைப்பாள்.”

நாலு எட்டு. நின்றாள். நாலு எட்டு. நின்றாள்.

டொண்… டொண்…

கால் மணித்தியாலம். பிறகு பாலைமரத்துக்குப் பின்னால் சருகு முறிந்தது. ஒற்றைக் கொம்பு நாம்பன் காளை தலையை நீட்டியது. அதற்குப் பின்னால் இரண்டு, ஐந்து, பத்து. ஒன்றின் விலாவில் கம்பி கீறின நீளக் காயம். எல்லாம் மணிச் சத்தத்தை நம்பி ஓடி வந்தன. ஓடி வந்து, அவளைக் கண்டு, நின்றுவிட்டன.

தேடின. அவளுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மணி இருக்கிறது, மணிக்காரி எங்கே என்று தேடின. யதுர்ஷிகாவால் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. இரண்டு மாடு திரும்பிக் காட்டுக்குள்ளேயே போய்விட்டன.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றாள். மாட்டுக்குச் சொன்னாளா, அப்பாவுக்குச் சொன்னாளா, அவளுக்கே தெரியாது. சின்னராசா வேறு பக்கம் பார்த்தார்.

செங்காரியின் கடைசிக் கன்று, இப்போது மூன்று வயது நாகு, மெல்ல முன்னுக்கு வந்தது. அவளுடைய நெஞ்சில் தொங்கிய மணியை முகர்ந்தது. வாரை ஒருதரம் நக்கியது. பிறகு அவளுக்குப் பின்னால் வந்து நின்றது.

அவள் நடந்தாள். நாலு எட்டு, நிற்பு. நாகு பின்னால். நாகுக்குப் பின்னால் மற்றதுகள். இரு பக்கமும் விளைந்த வயல். சரீப் ஒரு பக்கம், அப்பா நொண்டிக்கொண்டு மறுபக்கம். ஒன்று கதிரில் வாய் வைக்கப்போய் சரீப்பின் கயிற்றால் ஒரு அடி வாங்கிக்கொண்டு திரும்பியது. சரீப்பின் வீட்டு ஒழுங்கை வந்ததும் அவருடைய ஆறு மாடு தாமாகவே பிரிந்தன. மூன்றைக் காணவில்லை.

“நாளைக்கு மற்றப் பக்கம் பாப்பம் அண்ணன்” என்றார் சரீப்.

“விடிய வாறன்” என்றார் சின்னராசா. கொஞ்சம் நின்றார். “இண்டைக்கு விடியக் கதைச்சதுக்கு…”

“போங்க அண்ணன். பொழுது படுது.”

பட்டிக் கடப்படியில் விமலேஸ்வரி நெருப்புப் பெட்டியோடு நின்றாள். பானை விடிய வைத்த மாதிரியே இருந்தது. கோயில் கதை அவளுடைய காதுக்கும் எட்டியிருந்தது. கண் வீங்கியிருந்தது. புருசனுடைய முகத்தை அவள் பார்க்கவில்லை.

சின்னராசா வழமை போலக் கடப்பின் இடப்பக்கத்தில் போய் நின்றார்.

யதுர்ஷிகா மணியோடு உள்ளே போனாள். ‘ஒண்டு’ என்று அப்பாவின் வாய் திறக்குமா என்று ஒரு கணம் பார்த்தாள். திறக்கவில்லை.

நாகு கடப்பைத் தாண்டியது.

“ரெண்டு” என்றார் சின்னராசா.

அவளுடைய கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். நிஷாந்தன். வவுனியாவிலிருந்து.

விரல் பச்சைப் பொத்தானுக்கு மேல் நின்றது. அப்பா அவளைப் பார்த்தார். தொலைபேசியைப் பார்த்தார்.

“எண்ணி முடியட்டும், பிள்ளை” என்றார்.

தொலைபேசி ஓய்ந்து, மறுபடியும் அதிரத் தொடங்கியது.

“மூண்டு.”